பத்து நாளில் திடப்படுத்தல்

மே மாதம் வந்துவிட்டால் கல்கத்தாவில் இருக்கும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையனையோ பெண்ணையோ ஊருக்கு ரயிலேற்றி விடுவார்கள். நாசரேத்து, சாயர்புரம், மார்த்தாண்டம், எங்கே தாத்தா பாட்டி இருக்கிறார்களோ அங்கே. பத்து நாள் திடப்படுத்தல் வகுப்பு. கையில் ஒரு சின்னப் புத்தகம், கேள்வியும் பதிலும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அத்தை ஒருத்தி உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பிள்ளை உருப்போடும். பதினோராம் நாள் பேராயர் வருவார், தலையில் கை வைப்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, போட்டோ, மட்டன் பிரியாணி. பன்னிரண்டாம் நாள் ரயில். ஹவுராவில் இறங்கும்போது பிள்ளை 'திடப்பட்டு' வந்திருக்கும்.

என்ன திடப்பட்டது என்று யாராவது அந்தப் பிள்ளையிடம் கேட்டதுண்டா?

நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒருவரிடம் அல்ல, பலரிடம். கிடைக்கும் பதில்கள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. "இனிமே கம்யூனியன் எடுக்கலாம் அங்கிள்." "சர்ட்டிபிகேட் தருவாங்க, கல்யாணத்துக்கு வேணும்." ஒரு பையன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேபியா இருக்கும்போது போட்ட தடுப்பூசிக்கு இது பூஸ்டர் டோஸ்" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் மற்றவர்களைவிட அவன்தான் கொஞ்சமாவது யோசித்திருந்தான்.

இதன் பின்கதை உங்களுக்கே தெரியும். அதே பிள்ளை பெங்களூருக்கோ புனேக்கோ படிக்கப் போகும். விடுதியில் ஒரு ஜெபக்குழு. நல்ல பிள்ளைகள், கிட்டார், சமோசா. மூன்றாவது வாரம் ஒருத்தர் அன்பாகக் கேட்பார்: "நீ ஞானஸ்நானம் எடுத்துட்டியா?" "எடுத்துட்டேன், சின்ன வயசுல." "அது ஞானஸ்நானமே இல்ல தம்பி. விசுவாசிச்சுத்தான் எடுக்கணும். வேதத்துல குழந்தைக்கு எங்க குடுத்திருக்கு, காட்டு." பிள்ளையிடம் பதில் இருக்காது. பத்து நாள் வகுப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே அங்கே இல்லை. ஒரு சனிக்கிழமை யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் முழுக்கு. இரவு வீட்டுக்குப் போன். இங்கே அம்மா அழுகை, அப்பா "அப்போ நாங்க குடுத்தது செல்லாதா?" என்று கத்தல், ஊரில் தாத்தாவுக்கு பிரஷர்.

உடனே எல்லோரும் அந்தப் பெந்தெகொஸ்தே சபைக்காரர்களைத் திட்டக் கிளம்பிவிடுகிறார்கள். 'ஆடு திருடர்கள்' என்கிறார்கள். வேலியே போடாதவர்கள் திருட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்கு அனுதாபம் கிடையாது. அதே சமயம் அந்த கிட்டார் கோஷ்டியையும் நான் விடுவதாக இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்குத் தெரியாமல் சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீரில் இறக்குவதும், பதினாலு வயதுப் பிள்ளையை உருப்போடவைத்துப் பேராயர் முன்னால் நிறுத்துவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பிள்ளையின் தலைதான் வேண்டியிருக்கிறது, தலைக்குள் இருப்பது யாருக்கும் வேண்டியதில்லை.

முதலில் வார்த்தையில் இருந்தே ஆரம்பிக்கலாமே. ஞானஸ்நானம் என்கிறோம், கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு என்கிறார்கள். கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளைக்கு ஸ்நானம் என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் பாபுகாட் பக்கம் போனால் கங்காசாகருக்குப் போகும் சாதுக்களும் குடும்பங்களுமாய் ஒரு ஊரே கூடாரம் போட்டிருக்கும். துர்க்கா பூஜையில் சப்தமி அன்று விடியற்காலை வாழைக்கன்றுக்குப் புடவை கட்டி, அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவதை நம் பிள்ளைகள் பால்கனியில் நின்று பார்க்கிறார்கள். வங்காளத்துக் கத்தோலிக்கர்களும் தீக்ஷாஸ்நான் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே பதின்வயதுப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, கேட்க விட்டால், இதுதான்: "அவங்களும் பாவம் போகத்தான் முங்குறாங்க, நாமளும் அதுக்குத்தான்னா, என்ன வித்தியாசம்? அதுவும் நமக்கு ரெண்டு சொட்டுத் தண்ணிதானே?"

அருமையான கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் "அப்படியெல்லாம் பேசக்கூடாது".

பேசலாம். பேசித்தான் ஆகவேண்டும். கங்கையில் முங்குகிறவர் தானே போய், தானே முங்கி எழுகிறார். அடுத்த வருஷமும் போகலாம். ஞானஸ்நானம் அப்படியில்லை. நீயே உனக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் கையிலிருந்துதான் வாங்கவேண்டும். (1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், கொடுக்கத் தகுதியான ஆள் யாரும் இல்லை என்று தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார். பாப்டிஸ்ட் வரலாற்றின் தொடக்கத்தில் இருக்கிற மனிதர் அவர். பிற்பாடு அவருக்கே அது சரியாகப் படவில்லை.) ஒரே ஒரு தடவைதான். கழுவுவது என்பது அதில் பாதி. மறுபாதியை ரோமருக்கு எழுதின நிருபம் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: அது ஒரு அடக்கம், செத்தவனோடு சேர்ந்து புதைக்கப்பட்டு அவனோடு எழுந்திருப்பது. குளியல் தொட்டி என்று நினைத்துப் போனால் உள்ளே கல்லறை. இதை ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், காதில் இருக்கும் இயர்போனைக் கழற்றும்.

தண்ணீர் எவ்வளவு என்பதில் ஆதிச்சபையே இவ்வளவு சண்டை போடவில்லை. டிடாக்கே என்று மிகப் பழைய சபை ஒழுங்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லையென்றால் வேறு தண்ணீர், அதுவும் போதவில்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆகவே 'ரெண்டு சொட்டு' விவகாரத்தை இத்தோடு விடலாம்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பது அவ்வளவு சுலபமாக விடக்கூடியதல்ல. வேதத்தில் குழந்தைக்குக் கொடுத்ததாக நேரடியாக ஒரு வசனமும் கிடையாது. இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். லீதியாள் வீட்டார், பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் என்று அப்போஸ்தலர் 16இல் குடும்பம் குடும்பமாக எடுத்தது இருக்கிறது. அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் யோக்கியமான ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கு நம் ஊரிலேயே, அதாவது இந்தக் கல்கத்தாவிலேயே, ஒரு கதை இருக்கிறது.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேலத்திலிருந்து (நம் மாம்பழ சேலம் இல்லை) அதோனிராம் ஜட்சன் என்ற 23 வயது இளைஞர், கல்யாணமாகி சில நாட்களே ஆன மனைவி ஆன் உடன் கப்பலேறினார். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் வில்லியம் கேரியைச் சந்திக்கப் போகிறோம், அவர் பாப்டிஸ்ட் ஆயிற்றே, வாதம் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று கப்பலிலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். நாலு மாசப் பயணம். படிக்கப் படிக்க, எதிராளி சொல்வதுதான் சரி என்று பட்டுவிட்டது. அந்த அம்மாளுக்கு முதலில் உடன்பாடில்லை. அவரும் தனியாக உட்கார்ந்து படித்தார். கடைசியில் இருவரும் 1812 செப்டம்பர் 6ஆம் தேதி லால்பஜார் சேப்பலில் வில்லியம் வார்டு கையால் முழுக்கு எடுத்தார்கள். அனுப்பிவைத்த சங்கத்தின் உதவித்தொகையும் அத்தோடு போயிற்று. தெரிந்தேதான் விட்டார்கள்.

ஜட்சனின் முடிவு எனக்கு ஒப்புதலில்லை. குழந்தைக்குக் கொடுப்பதில் தப்பில்லை என்கிற கட்சி நான். நாம் தேடிப் போவதற்கு முன்னாலேயே தேடி வந்தவர் அவர் என்று சொல்ல, ஒன்றும் அறியாத கைக்குழந்தையைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஆனாலும் என் பிள்ளை ஒருநாள் "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று வந்தால், ஜட்சனைப் போல வரட்டும் என்று விரும்புவேன். மாதக்கணக்கில் படித்து, இழப்பது என்ன என்று தெரிந்து, வீட்டில் வாதாடி. மூன்று சமோசாவுக்குப் பிறகு வேண்டாம்.

இன்னொன்று. நம்மில் பலர் இங்கே ஞாயிற்றுக்கிழமை போவது வட இந்தியத் திருச்சபை ஆலயங்களுக்கு. 1970 நவம்பர் 29 அன்று அந்தத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன்களோடும் மெதடிஸ்டுகளோடும் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகள் ஞானஸ்நானம் இரண்டும் ஒரே சபைக்குள் அங்கீகரிக்கப்பட்ட இரண்டு வழிகள் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார்கள். இந்த விஷயம் தெரியாமலேயே அதன் பெஞ்சுகளில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறவர்கள் நம்மில் ஏராளம். பிள்ளைகளுக்கு எங்கிருந்து தெரியும்?

பத்து நாள் வகுப்புக்குப் பதில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து செராம்பூர் போங்கள். அரை மணி நேரம் சொச்சம். தரங்கம்பாடியைப் போலவே இதுவும் டென்மார்க்காரர்கள் வைத்திருந்த ஊர். இரண்டையும் ஒரே வருஷம், 1845இல், ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரையில் பிள்ளையை நிறுத்தி, 1800ஆம் வருஷக் கதையைச் சொல்லுங்கள்.

கேரி கல்கத்தாவில் வந்து இறங்கியது 1793 நவம்பரில். ஏழு வருஷம் ஒருவரும் சேரவில்லை. 1800 நவம்பரில் கிருஷ்ண பால் என்ற தச்சர் குளிக்கப் போகையில் படித்துறையில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு நழுவியது. கேரியின் கூட்டாளி டாக்டர் ஜான் தாமஸ் வந்து, மரத்தோடு சேர்த்துக் கட்டி, மூட்டை ஏற்றிவிட்டார். கிருஷ்ண பால் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த மனிதர், கர்த்தாபஜா என்ற மார்க்கத்தில் பல வருஷம் இருந்தவர். பேச்சு வளர்ந்தது. டிசம்பர் 22ஆம் தேதி அவரும் கோகுல் என்ற நண்பரும் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைக் கவனியுங்கள்: தண்ணீருக்கு முன்னால் சாப்பாடு. ஜாதி அங்கேயே போய்விட்டது. ஊருக்குச் செய்தி பரவ, கூட்டம் கூடி அவரை இழுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்தியது. அவர் விட்டுவிட்டார். கோகுலும் வீட்டுப் பெண்களும் இப்போது வேண்டாம் என்று பின்வாங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு. ஆற்றில் இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிருஷ்ண பால். அவருக்கு முன்னால் இறங்கியவன் கேரியின் மூத்த மகன் ஃபீலிக்ஸ். வயசு 14! நம் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளின் வயசு. மகனுக்குக் கொடுத்துவிட்டு, தச்சருக்கு வங்காள மொழியில் சொல்லிக் கொடுத்தார் கேரி. அதே நேரத்தில் டாக்டர் தாமஸ் மனநிலை தவறி ஒரு அறையில் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பதினேழு வருஷக் கனவு நிறைவேறியதை அவர் மனசால் தாங்க முடியவில்லை. இன்னொரு அறையில் கேரியின் மனைவி டாரதி, அவரும் பல வருஷமாக மனநோயில். ஃபீலிக்ஸ் தண்ணீரிலிருந்து எழுந்து கரையேறியது அம்மாவின் அலறல் இருந்த வீட்டுக்குள்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஒரு அக்கா கேட்டார். இதைத்தான் சொல்ல வேண்டும் அக்கா! ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டில் எல்லாம் சுகமாகிவிடும், பரீட்சையில் மார்க் வரும், கெட்ட பழக்கம் அண்டாது என்று நாம் விற்கிறோமே, அந்தச் சரக்கு முதல் நாளிலேயே செராம்பூர் ஆற்றில் கவிழ்ந்துவிட்டது. ஃபீலிக்ஸின் பிற்கால வாழ்க்கையும் அப்படித்தான். பர்மாவுக்கு மிஷனரியாகப் போனான், அந்த ராஜாவுக்குத் தூதரானான், அப்பா நொந்துபோனார். 1814இல் படகு கவிழ்ந்து மனைவியும் பிள்ளைகளும் இறந்தார்கள். சித்தம் கலங்கினவன் மாதிரி கிழக்கே காடுமலையெல்லாம் அலைந்தான். பிறகு செராம்பூருக்குத் திரும்பி வந்து, வங்காளத்தில் உடற்கூற்றியல் புத்தகம் எழுதினான். 1822இல் போய்ச் சேர்ந்தான், கிருஷ்ண பாலும் அதே வருஷம். ஒரே தண்ணீரில் இறங்கிய இரண்டு பேரில், தச்சரின் வாழ்க்கைதான் ஊழியக்காரர் மகனுடையதைவிட நேராகப் போனது.

கிருஷ்ண பால் கிருஷ்ண பாலாகவே இருந்தார் என்பதும் முக்கியம். பெயரை மாற்றச் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒவ்வொரு பெயரிலும் ஒரு ஜெப, ஒரு செல்வ, ஒரு டேனியல். பள்ளிக்கூடத்தில் வங்காளி டீச்சர் அதை உச்சரிக்கப் படும் பாட்டைப் பிள்ளைகள் நடித்தே காட்டுவார்கள். பழைய ஆங்கிலிக்கன் ஞானோபதேசத்தின் முதல் கேள்வியே பெயரைப் பற்றியதுதான், இரண்டாவது கேள்வி அதை யார் கொடுத்தது என்பது. அங்கே பிள்ளையை நிறுத்தி வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். யார் முதலில் வந்தார், என்ன பெயரில் இருந்தார், எந்தப் பஞ்சத்திலோ எந்தச் சண்டையிலோ வந்தார். ஜாதியைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால்தான் நாம் சொல்வதில்லை.

செராம்பூரில் அடுத்த மூன்று வருஷத்தில் நடந்தது என்ன தெரியுமா? 1803இல், பிராமணராகப் பிறந்து விசுவாசியான ஒரு இளைஞருக்கும் தச்சர் கிருஷ்ண பாலின் மகளுக்கும் கல்யாணம். அதே வருஷம், முதலில் பின்வாங்கி, பிறகு சேர்ந்த அந்த கோகுல் இறந்தார். அவருடைய பெட்டியைத் தூக்கியவர்களில் மார்ஷ்மனும் ஃபீலிக்ஸும் மட்டும் இல்லை. பிராமணராகப் பிறந்த ஒருவரும் முஸ்லிமாகப் பிறந்த ஒருவரும் தோள் கொடுத்தார்கள். ஜாதியில்லாதவர் பிணத்தை யார் தூக்குவது என்று ஊர் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பார்த்துவிட்டுப் போனது.

இப்போது நம் பக்கம். தேவசகாயம் பிள்ளை 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் எடுத்தது வடக்கன்குளத்தில். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், எல்லா ஜாதிக்காரரோடும் பழகி உட்கார்ந்தது அவர் மேல் வந்த கோபங்களில் ஒன்று. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கிடைத்தது. நம் வாட்சப் குழுக்களில் பெருமையாகப் படம் போட்டோம். அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் ஜாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கூடம், நடுவில் சுவர். கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து பீடத்தில் சேரும். அந்தச் சுவர் இடிபட்டது 1910இல், அதுவும் கோர்ட்டு வரைக்கும் போன சண்டையோடு. இரண்டு கூடத்தில் இருந்தவர்களும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான்.

அந்தச் சுவர் இடிந்துவிட்டது, நம் மேட்ரிமோனி விளம்பரத்தில் இருக்கும் சுவர்? 'ஆர்.சி., இன்ன ஜாதி', 'சி.எஸ்.ஐ., இன்ன ஜாதி.' பதினாறு வயசுப் பெண்ணுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? எல்லாம் தெரியும். கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று வருவதை வகுப்பில் உருப்போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் அண்ணனுக்குப் பெண் பார்க்கும் பேச்சைக் கேட்கிறது. அந்தப் பிள்ளை ஞானஸ்நானத்தை நம்பவில்லையென்றால் குற்றம் பெங்களூர் ஜெபக்குழுவின் மேல் இல்லை.

சட்டப் பக்கத்தையும் சொல்லாமல் விடுகிறோம். பட்டியல் சாதியில் பிறந்த நம் சகோதரர்களின் வீடுகளில் இது பெரிய ரணம். 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். 2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கைக்குழந்தையாக இருக்கும்போது கொடுத்த ஞானஸ்நானமும், அவர் ஆலயத்துக்குப் போய் வருவதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு, எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று முடிந்தது. கோயில் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி கோர்ட்டில் பேசுகிறது. இதில் அந்தக் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மதம் மாறினால் தீண்டாமை போய்விடும் என்று எழுதி வைத்த ஆணையையும், மாறி வந்தவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து அந்த ஆணை பொய் என்று நிரூபித்த நம் சபைகளையும்தான் சொல்வேன். ஆனால் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பேராயர் முன்னால் முழங்கால் போடும் பதினைந்து வயதுப் பிள்ளை, தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடக்கூடாது.

அடுத்ததாக, பிள்ளைக்கு எந்த வயதில் என்ன உரிமை? இதிலும் கல்கத்தாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, எல்லாமே நமக்குப் பெருமையானதில்லை. 1845இல் உமேஷ் சந்திர சர்க்கார் என்ற பையனையும் அவன் மனைவியையும் டஃப் பாதிரியாரின் மிஷனில் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு 14 வயசு, அந்தப் பெண்ணுக்கு 11. தகப்பன் கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை. தேவேந்திரநாத் தாகூர், நம் ரவீந்திரநாத்தின் அப்பா, கொதித்துப்போய் வீடு வீடாக வண்டியில் போய்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி, மிஷன் பள்ளிக்குப் போட்டியாக இலவசப் பள்ளியே தொடங்க ஏற்பாடு செய்தார். படிக்கும்போது எனக்கு தாகூர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 11 வயசுப் பெண்ணுக்கு அதில் என்ன சம்மதம்? ஆனால் தாகூர் கட்சி பேசுகிற வாயால் பத்து நாள் வகுப்பை நான் ஆதரிக்க முடியாதே. வேற்று வீட்டுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய சம்மதம் நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா?

மைக்கேல் மதுசூதன் தத்தர் கதையும் இருக்கிறது. 1843 பிப்ரவரி 9, மிஷன் ரோ பழைய மிஷன் ஆலயம். (அதைக் கட்டிய கீர்நாண்டர், கடலூரில் பதினெட்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு 1758இல் இங்கே வந்தவர். நம் ஊர்த் தண்ணீர் குடித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பையனுக்கு 19 வயசு. வீட்டார் தூக்கிப் போய்விடுவார்கள் என்று சில நாள் வில்லியம் கோட்டைக்குள் வைத்திருந்துதான் கொடுத்தார்கள். விசுவாசமா, வீட்டில் பார்த்த பெண்ணிடமிருந்து தப்பிப்பதா, இங்கிலாந்து போகும் ஆசையா என்று இன்றுவரை வங்காளிகள் அடித்துக்கொள்கிறார்கள். மூன்றுமாக இருக்கலாம், 19 வயதில் யாருக்குத்தான் ஒரே காரணம் இருக்கிறது? அப்பா கைவிட்டார். மதராஸுக்கு வந்து எட்டு வருஷம் வாத்தியார், பத்திரிகை என்று காலம் தள்ளினார். பிறகு இங்கே திரும்பி, 1861இல் இந்திரஜித்தை நாயகனாக வைத்து மேகநாதவதத்தை எழுதினார். ஞானஸ்நானம் எடுத்ததனால் ராமாயணம் அவரை விட்டுப் போகவில்லை. 1873இல் செத்தபோது அடக்கம் செய்ய பாதிரிமார் தயங்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்கக் கோட்டைக் காவல் போட்ட சபை, ஆறடி மண் கொடுக்க யோசித்தது.

"இவ்வளவும் சொன்னா பிள்ளை வேண்டாம்னு சொல்லிடாதா?" இதுதான் எல்லோரும் கேட்பது. சொல்லலாம். சொல்லட்டும். குழந்தையாக இருக்கும்போது வாக்குக் கொடுத்தது நீங்களும் ஞானப்பெற்றோரும். 'நான் அதை ஏற்கிறேன்' என்று தன் வாயால் சொல்லும் இடம் திடப்படுத்தல். இல்லை என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ஆமாம் என்பதற்கு என்ன மதிப்பு? 1662ஆம் வருஷ ஜெபப் புத்தகமே விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் பிள்ளைக்குத் தெரிந்த பேச்சுமொழியில்தான் கேட்கிறது. நம் பிள்ளைக்கு அது இங்கிலீஷ் என்றால் இங்கிலீஷில் நடக்கட்டும், வங்காளம் என்றால் வங்காளத்தில். தமிழ் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது வேறு சண்டை, அதிலும் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அர்த்தம் தெரியாத தமிழில் ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்க வைப்பது தமிழ்ப்பற்றும் இல்லை, பக்தியும் இல்லை.

பதினைந்தில் வேண்டாம் என்ற பிள்ளை இருபத்திரண்டில் தானாக வந்து கேட்கலாம். வராமலும் போகலாம். குளோரிந்தாவுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு கல்யாணம் இல்லாமல் வாழ்கிறார் என்று சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில்தான் கொடுத்தார். காத்திருந்த அந்த அம்மாதான் அங்கே கோயிலைக் கட்டினது. காத்திருப்பதால் கெட்டுப்போன சபை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இந்த வருஷம் டிசம்பர் 28 அன்று காலை ஒன்பது மணி வாக்கில் ஹவுரா ஸ்டேஷன் பெரிய கடிகாரத்தின் கீழே நிற்பேன். செராம்பூர் ஆற்றங்கரை, காலேஜ், கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் கிடக்கும் கல்லறைத் தோட்டம், மத்தியானம் ஏதாவது ஒரு கடையில் மீன் சாப்பாடு. பெரியவர்கள் வராமல் பிள்ளைகளை மட்டும் அனுப்பினாலும் சரிதான். போகும் வழியில் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று சாயங்காலம் என்னிடம் விசாரிக்காதீர்கள், சொல்ல மாட்டேன்.